உழைப்பாளருக்கு உருத் தந்த சிற்பி

சென்னைக் கடற்கரையிலே, பெரும்பாறையொன்றைப் பெயர்க்க முயலும் நான்கு உழைப்பாளரின் வெண்கலச் சிலை நிற்கின்றது. அதனைச் சமைத்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி.

1899ஆம் ஆண்டிலே வங்காளத்து ரங்கபூர்ப் பகுதியில் பிறந்த இவர், அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். 1929இல் சென்னை அரசாங்கக் கலைப்பள்ளியின் தலைமையை ஏற்று, ஏறத்தாழ முப்பதாண்டுகள் மாணவரை உருவாக்கினார். 1954இல் லலித கலா அகாடமியின் முதல் தலைவரானார். 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் துப்பாக்கிக்கு இரையான ஏழு மாணவருக்குப் பாட்னாவிலே சிலை எடுத்தார்.

1959இல் உழைப்பாளர் சிலை எழுந்தது. அதே சென்னையில் ஆளுநர் மன்றோ குதிரைமீது வீற்றிருக்கின்றார். இந்நால்வருக்கோ பெயருமில்லை, பட்டமுமில்லை. முறுக்கேறிய தசையும் ஒருமித்த முயற்சியுமே அவர்தம் அடையாளம். ஒருவர் கைவிட்டாலும் பாறை அசையாது என்பதைப் பார்த்தவுடன் உணர்கின்றோம்.

1975இல் சிற்பி மறைந்தார். அவர் உணர்த்திய உண்மை மறையவில்லை.

சிவனொளிபாதமலை அடிவாரமாகிய நம் நல்லதண்ணியிலும் காடு வெட்டிக் கல் புரட்டிய பாட்டன்மாரும், கொழுந்து பறித்த பாட்டிமாரும் வாழ்ந்தனர். அவர்தம் பெயர்களுள் நாம் அறிந்தவை எத்தனை? இளைஞர்களே, லயந்தோறும் சென்று பெரியோரைக் கேட்டு அப்பெயர்களை எழுதி வைப்போம். வெண்கலம் வார்க்க நம்மிடம் வசதியில்லை. ஏடும் எழுதுகோலும் உண்டு.