பூச்சிகளின் கதை சொன்ன ஆசிரியர்

1870ஆம் ஆண்டில், பிரான்சின் தென்பகுதியிலுள்ள அவிஞோன் நகரில் ஓர் ஆசிரியர் தாம் வாடகைக்கு இருந்த வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். மலர்களில் மகரந்தம் சேர்ந்து காய் உண்டாகும் விதத்தை மாலை வகுப்பில் இளம்பெண்களுக்கும் விளக்கிச் சொன்னமையே அவர் செய்த குற்றம். மதபீடத்தார் முகஞ்சுளித்தனர், வீட்டுக்குச் சொந்தக்காரரான முதிய சகோதரிகள் இருவரும் அவர்கள் பக்கமே நின்றனர். எழுத்தில் உடன்படிக்கை இல்லாதபடியால் முறையிடவும் வழியில்லை. ழான் ஆன்றி ஃபாப்ர் என்னும் அந்த ஆசிரியருக்கு அப்போது வயது 46.

வறுமை அவருக்குப் புதிதன்று. 1823இல் அவெரோன் மலைப்பகுதிக் கிராமமொன்றில் பிறந்தவர். தந்தை ஊர் ஊராகக் கோப்பிக்கடை வைத்துத் தோற்றவர். சந்தையில் எலுமிச்சம்பழம் விற்ற சிறுவன், புலமைப்பரிசில் பெற்று ஆசிரியரானான். அவிஞோனில் ஆண்டுச் சம்பளம் 1,600 பிராங்கு. பணியாற்றிய காலம் முழுவதும் அது உயரவில்லை. செடியின் வேரிலிருந்து செஞ்சாயம் எடுக்கும் முறையொன்றைப் பல ஆண்டு முயன்று கண்டறிந்தார். அதற்குள் ஜெர்மானியர் அதே சாயத்தை நிலக்கரித் தாரிலிருந்து ஆக்கிவிட்டனர்.

வீடிழந்த வேளையில் கைகொடுத்தவர் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜோன் ஸ்ருவாட் மில். மனைவியின் கல்லறைக்கு அருகில் வாழவென்று அவிஞோனில் குடியிருந்த அவர், ஃபாப்ருடன் சேர்ந்து செடிகொடிகளை ஆராய்ந்து வந்தார். அவர் அனுப்பிய 3,000 பிராங்கைக் கொண்டே குடும்பம் ஒறாஞ்சு நகருக்குப் பெயர்ந்தது. கடன் பின்னர் முற்றாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

கடனை அடைத்ததும் குடும்பத்தைக் காத்ததும் அவரது பேனாவே. சம்பளத்துக்கு இனி வழியில்லை என்றானபின், சிறுவருக்கான விஞ்ஞான நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக் குவித்தார். அவருடைய நூலொன்றில் போல் மாமா என்றொரு பாத்திரம் வருகிறது. வீட்டுக் கிழவி சொல்லும் ஓநாய்க் கதைகளில் சலிப்புற்ற பிள்ளைகளுக்கு, அவர் மெய்க்கதை சொல்லத் தொடங்குகிறார். எறும்புகளுக்கும் பசுக்கள் உண்டு என்பார். பிள்ளைகள் நம்பமாட்டார்கள். செடியின் தளிரில் மொய்த்திருக்கும் சிறு பூச்சிகளை எறும்பு தடவித் தடவி இனிப்பு நீரைக் கறந்து குடிப்பதை நேரிலே காட்டுவார். இடியும் எரிமலையும் இவ்வாறே கதையாயின.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம்மவர் சொல்வதுண்டு. ஐரோப்பிய அறிஞர்களிடமும் குளவி பற்றிப் பிழையான எண்ணம் ஒன்று இருந்தது. வண்டைக் கொன்று, தன் நஞ்சினால் கெடாமற் காக்கிறது என்றார்கள். வண்டு சாகவில்லை, நரம்பு முடிச்சில் கொடுக்குப் பாய்ந்து அசைவற்றுக் கிடக்கிறது, குளவியின் குஞ்சு உயிருள்ள இரையையே உண்கிறது என்று 1855இல் ஃபாப்ர் காட்டினார். அதை அவர் எழுதியிருக்கும் விதம் துப்பறியும் கதையை ஒத்தது. தாம் ஏமாந்த நாட்களையும் வெயிலில் காத்துக்கிடந்த மணிகளையும் மறைக்காமல் எழுதுவார். இது அறிஞருக்குரிய நடையன்று எனச் சிலர் குறைகூறினர். அவர் நடையை மாற்றவில்லை.

1877இல் பதினாறு வயது மகன் ஜூல் இறந்தான். தந்தையோடு பூச்சி தேடித் திரிந்த பிள்ளை. இரண்டாண்டுகளின் பின் வெளிவந்த ‘பூச்சியியல் நினைவுகள்’ முதற் தொகுதியில், தாம் புதிதாக விவரித்த குளவியினங்களுக்கு ஃபாப்ர் அவன் பெயரையே சூட்டினார்.

அதே 1879இல் செரிஞான் கிராமத்தில் கல்லும் முள்ளும் நிறைந்த நிலமொன்றை வாங்கினார். பயிருக்கு உதவாத அந்நிலம் குளவிகளுக்கும் தேனீக்களுக்கும் சொர்க்கமாயிற்று. 1896இல், ஒன்றன்பின் ஒன்றாய் ஊரும் மயிர்க்கொட்டிப் புழுக்களைப் பெரிய பூச்சாடியின் விளிம்பில் வட்டமாகச் செல்லவிட்டார். முன்செல்பவன் எவனென்று தெரியாத அவை, அருகே உணவிருந்தும் ஏழு நாட்கள் சுற்றிச் சுற்றியே வந்தன. சிள்வண்டுக்குக் காது கேட்குமா என்றறிய, ஊர்த் திருவிழாப் பீரங்கியை மரத்தடியில் வெடிக்கச் செய்ததும் உண்டு. சிள்வண்டுகள் பாடிக்கொண்டேயிருந்தன. அவை செவிடு என்றே அவர் கருதினார். கேட்கும் உறுப்பு உண்டென்று பின்வந்தோர் கண்டனர். டார்வினின் பரிணாமக் கொள்கையையும் அவர் கடைசிவரை ஏற்கவில்லை. ஆயினும் டார்வின் அவருடைய கண்களைப் பெரிதும் மதித்தார்.

பத்தாம் தொகுதி 1907இல் முடிந்தபோதும் புகழ் வந்துசேரவில்லை. 1910இல் நண்பர்கள் விழா எடுத்த பின்னரே நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. 1915 அக்டோபர் 11இல், 91ஆம் வயதில் காலமானார். அவர் வாழ்ந்த செரிஞான் இல்லம் பின்னர் அருங்காட்சியகமாயிற்று.