சீனாவைத் தமிழில் விளக்கிய பத்திரிகையாளர்: யார் இந்த வெ.சாமிநாத சர்மா?

வேளச்சேரி பறக்கும் ரயிலில் உட்கார்ந்தபடியே, இன்று பீஜிங்கில் என்ன நடந்தது என்று மொபைலில் தமிழிலேயே படித்துவிடலாம். 1930-களில்? ஆங்கிலம் தெரியாத தமிழருக்கு உலக அரசியல் எட்டாத விஷயம். அதை எட்ட வைத்தவர்களில் முக்கியமானவர் வெ.சாமிநாத சர்மா.

யார் இவர்?

செய்யாறு பக்கம் வெங்களத்தூரில் 1895 செப்டம்பர் 17-ல் பிறந்தவர். திரு.வி.க.வின் ‘தேசபக்தன்’, ‘நவசக்தி’ இதழ்களில் வேலை பார்த்துத் தொழில் பழகினார். 1932-ல் பர்மாவின் ரங்கூனுக்குப் போனார். அங்கே 1937-ல் தொடங்கிய ‘ஜோதி’ மாத இதழின் ஆசிரியரானார்.

ரங்கூனுக்கும் சீனாவுக்கும் என்ன சம்பந்தம்?

அதே 1937 ஜூலையில் ஜப்பான் சீனா மீது முழுப் போரில் இறங்கியது. சீனத் துறைமுகங்கள் ஒவ்வொன்றாகப் பறிபோயின. அப்போ ஆயுதமும் மருந்தும் எப்படிப் போகும்? ரங்கூனில் கப்பலிலிருந்து இறங்கி, ரயிலில் லாஷியோ போய், அங்கிருந்து 1938-ல் முடிந்த ‘பர்மா ரோடு’ வழியாகச் சுமார் 1,150 கி.மீ. மலைப்பாதை கடந்து குன்மிங் சேர்ந்தன. ரங்கூன் தமிழருக்குச் சீனப் போர் எங்கோ நடக்கிற சங்கதி இல்லை; அவர்கள் ஊர்த் துறைமுகம் வழியாகத்தான் அதற்குச் சரக்கு போனது.

அப்புறம் என்ன ஆச்சு?

அந்தப் பாதையை அறுப்பது, ஜப்பான் பர்மாவுக்குள் நுழைய ஒரு முக்கியக் காரணம். 1941 டிசம்பர் 23-ல் ரங்கூன் மீது குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரமே வீழ்ந்தது. இந்தியர்கள் லட்சக்கணக்கில் தாயகம் நோக்கிக் கிளம்பினார்கள். வழியிலேயே உயிரிழந்தவர்கள் ஏராளம். உலகச் செய்தியை விளக்கிக்கொண்டிருந்த சர்மாவும், மனைவி மங்களமும் அந்த அகதிக் கூட்டத்தில் இருந்தார்கள். காடும் மலையும் தாண்டி இந்தியா வந்து சேர்ந்த கதையை ‘பர்மா வழிநடைப் பயணம்’ என்று பின்னாளில் எழுதினார்.

என்ன விட்டுச் சென்றார்?

70-க்கும் மேற்பட்ட நூல்கள். சன் யாட் சென் வாழ்க்கை, ‘சீனாவின் வரலாறு’, ‘புதிய சீனா’ ஆகியவை அவற்றில் அடக்கம். பிளேட்டோ, ரூசோ, மார்க்ஸையும் அவர் விடவில்லை. 1978 ஜனவரி 7-ல் காலமானார். அவருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் தேடிப் பாருங்கள். காசு கொடுக்காமலே படிக்கலாம்.