கண்ணாடிச் சித்திரக்காரரான முத்திப்பேறு பெற்ற யாகப்பர்

ஜெர்மனி தேசத்து உல்ம் நகரில் 1407-ம் ஆண்டு பிறந்த யாகப்பர், இருபத்தைந்தாம் வயதில் இத்தாலிக்குப் போய்ப் போர்ச்சேவகரானார். படைவீரரின் ஒழுக்கக்கேடு அவருக்கு அருவருப்பாயிருந்தது. 1441-ல் பொலோஞ்ஞா நகர் அர்ச். சாமிநாதர் மடத்தில் துணைச் சகோதரராய்ச் சேர்ந்தார். குருப்பட்டமில்லை, பிரசங்கமுமில்லை. ஏறக்குறைய ஐம்பது வருஷம் வர்ணக் கண்ணாடியே அவர் ஊழியம்.

கண்ணாடியை உருவத்துக்கேற்ப வெட்டி, முகத்தையும் ஆடை மடிப்பையும் கருவர்ணத்தால் தீட்டி, சூளையில் சுட்டு, ஈயப்பட்டையால் இணைக்கவேண்டும். சூடு மிஞ்சினால் கண்ணாடி உருகும்; குறைந்தால் சித்திரம் ஒட்டாது. ஆகையால் சூளையை விட்டு அகலலாகாது. அப்படிக் காவலிருந்த ஒருநாள், பிச்சைக்குப் போகும்படி சிரேஷ்டர் கட்டளையிட்டார். வேலை பாழாகுமென்று அறிந்தும், மறுவார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். நெடுநேரங்கழித்துத் திரும்பியபோது கண்ணாடி பழுதின்றிச் சுட்டிருந்ததாகப் பாரம்பரியம் சொல்லுகிறது. (அந்தப் புதுமையைவிட, அவர் புறப்பட்டுப்போனதே நமக்குப் பெரிதாய்த் தோன்றுகிறது.)

வெள்ளியைக்கொண்டு கண்ணாடிக்கு மஞ்சள் நிறமேற்றும் வித்தையை அவரே கண்டுபிடித்தாரென்பர் சிலர். அது அவர் பிறப்பதற்கு முன்பே பிரான்சு தேசத்தில் வழங்கிற்று. அவருக்கு அந்தப் புகழ் தேவையுமில்லை.

1491 அக்டோபர் 11-ல் எண்பத்துநாலாம் வயதில் மரித்தார். 1825-ல் 12-ம் சிங்கராயர் பாப்பரசர் அவரை முத்திப்பேறு பெற்றவரென்று அங்கீகரித்தார். அவர் செய்த சாளரம் பொலோஞ்ஞா அர்ச். பெத்ரோனியுஸ் ஆலயத்தில் இன்றும் இருக்கிறது.