மேடையை அடக்கிய ஆசான்

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் பாதி நோட்டு ஒன்று இருக்கிறது. 'வள்ளி திருமணம்' நாடகத்தைத் தாத்தா தம் கையால் படியெடுத்த நோட்டு அது. மறுபாதி சின்னத் தாத்தா வீட்டில் இருக்கிறது. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப் லைன் வீடுகளில் இருபது ஆண்டுகள் ஒன்றாக நாடகம் ஆடிய அண்ணன் தம்பி அவர்கள். பகலில் சுரங்கம், இரவில் ஒத்திகை. நாரதர் பாட்டைக் குறைப்பதா, வேலன் பாட்டைக் குறைப்பதா என்று ஒருநாள் சண்டை மூண்டது. நோட்டு கிழிந்தது, குழுவும் கிழிந்தது. 2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு பிறந்தவன் நான். ஆயினும் அந்தப் பகையில் எனக்கும் ஒரு பங்கு வந்து சேர்ந்தது.

அந்த நாடகத்தை எழுதிய தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளும் இதே சிக்கலோடு வாழ்நாளெல்லாம் போராடியவர்தாம்.

1867-ல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையாரிடமும் பழனி தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் பயின்றார். உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்தவர், 24-ஆம் வயதில் அவ்வேலையை உதறிவிட்டு நாடகத்தில் புகுந்தார்.

அக்கால மேடை எப்படி இருந்தது தெரியுமா? உரையாடலுக்குக் கட்டுக்கோப்பில்லை. நடிகர் தம் மனம்போனபடி பேசுவார். தமக்குக் கைதட்டல் தேடித்தரும் பாட்டைப் பாடுவார். கதை எங்கோ நின்றுவிடும். சுவாமிகள் பாட்டையும் வசனத்தையும் ஒழுங்குபடுத்தி எழுதினார். எமனாகவும் இரணியனாகவும் நடித்துப் புகழும் பெற்றார். பின்னர் வேடத்தைக் களைந்து, துறவியைப் போல் தலங்கள்தோறும் சுற்றினார். சுவாமிகள் என்ற பெயர் அதனால் வந்ததே. ஆனால் நாடகம் அவரை விடவில்லை.

1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். பெயரிலேயே சமரசம்! எனினும் வளர்ந்த நடிகர்களைக் கட்டுக்குள் வைப்பது எளிதாயில்லை. ஆகவே சிறுவர்களைக் கொண்ட குழுக்களின்பால் அவர் நெஞ்சம் சென்றது. 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர்கள் எனப் பெயர் பெற்ற சிறுவர்கள் அங்கேதான் பயின்றனர். அவர்களுள் ஒருவரான சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். சொல்லிலும் தாளத்திலும் அவர் வைத்ததே சட்டம்.

இதை வெற்றி என்று கொண்டாட என் மனம் முழுதும் ஒப்பவில்லை. பெரியவர்கள் அடங்கவில்லை என்று, எதிர்த்துப் பேச முடியாத பிள்ளைகளைத் தேர்ந்துகொள்வது சிக்கலைத் தீர்ப்பதாகுமா? அது சிக்கலை ஒதுக்கி வைப்பதல்லவா? ஆய்வுக்கூடத்தில் நாங்களும் சில வேளை இப்படித்தான் செய்கிறோம். தொல்லை தரும் பொருளை நீக்கிவிட்டுச் சோதனை வென்றது என்கிறோம்.

1921-ல் பக்கவாதம் தாக்கி அவர் பேச்சை இழந்தார். எழுத்தையே ஆட்சியாகக் கொண்டவர் வாய்மூடி அமர்ந்து, பிள்ளைகள் நடிப்பதைப் பார்த்திருந்தார். 1922 நவம்பர் 13-ல் புதுவையில் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி உள்ளது.

அதன் பின்னர் நடந்ததுதான் வியப்பு! ஸ்பெஷல் நாடகம் என்றொரு முறை தமிழகத்தில் இன்றும் இருக்கிறது. வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையே இன்றி ஓரிரவு கூடி 'வள்ளி திருமணம்' ஆடுகிறார்கள். வள்ளியும் நாரதரும் ஒருவரையொருவர் மடக்கி நெடுநேரம் தர்க்கம் புரிகிறார்கள். யாருக்கும் யாரும் அடங்குவதில்லை. ஆயினும் நாடகம் உடைவதில்லை. ஏன்? எல்லார் நெஞ்சிலும் சுவாமிகளின் பாடம் இருக்கிறது. போட்டியை ஒழிக்க எண்ணியவர், போட்டிக்கே நாடகத்தினுள் ஓர் இடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த இடத்துக்குள் எவ்வளவு மோதினாலும் விடிந்ததும் கூட்டாளிகளே.

எங்கள் தாத்தாக்கள் மேடையில் மோதியிருந்தால் குழு பிழைத்திருக்கும். மேடைக்கு வெளியே மோதினார்கள், அதுவே பிழை.

வரும் பொங்கலுக்கு மாரிக்குப்பம் ரயிலில் ஊருக்குப் போகிறேன். பாதி நோட்டை எடுத்துக்கொண்டு சின்னத் தாத்தா வீட்டுப் படியேறப் போகிறேன். நாரதர் பாட்டைக் குறைக்கச் சொன்னாலும் சரி, அன்று நான் தர்க்கம் செய்வதாக இல்லை!