கோடு கிழித்துக் கொடுத்த சென்டா டீச்சர்

போன முறை நாம் கூடியபோது நடந்த கூடைப்பந்து ஆட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பழைய மாணவிகள் ஒரு பக்கம், இப்போது படிக்கிற தங்கைகள் மறுபக்கம். பத்து நிமிஷம் ஆடினோம், அரை மணி நேரம் வாதாடினோம்! எங்கள் வயசுக்கு முழு கோர்ட்டும் ஓட முடியாது, கொஞ்சம் விதியைத் தளர்த்துங்கள் என்று சீனியர் அக்காமார் கேட்க, விதியை மாற்றினால் அப்புறம் அது பேஸ்கட்பாலே இல்லை என்று தங்கைகள் முறைக்க, விசில் வைத்திருந்த பி.டி. மேடம் பாவம், நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார். கடைசியில் ஒரு அக்காவுக்குக் கணுக்கால் சுளுக்கியதும் ஆட்டம் தானாகவே முடிந்தது.

அன்று மாலை டீ குடிக்கும்போதுதான் ஒரு யோசனை பிறந்தது. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் மட்டும், பொழுதுபோக்காக ஆடுகிற மாதிரி ஒரு சின்ன லீக் நடத்தினால் என்ன? எல்லோரும் கை தட்டினார்கள். விதிகளை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டு நடையைக் கட்டினார்கள்!

எழுத உட்கார்ந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. நமக்கு முன்னால் யாராவது இந்தத் தலைவலியை அனுபவித்திருக்க மாட்டார்களா? அனுபவித்திருக்கிறார். நூற்று முப்பது வருஷத்துக்கு முன்பு, அமெரிக்காவில், நம்மைப் போலவே ஒரு கல்லூரி வளாகத்தில். அவர் பெயர் சென்டா பெரென்சன். பெண்கள் கூடைப்பந்தின் தாய் என்று இன்றைக்கும் போற்றப்படுபவர். அவருடைய கதையைத்தான் இந்த மலரில் சொல்லப் போகிறேன்.

நோஞ்சான் பெண்

சென்டா பிறந்தது 1868 மார்ச் 19 அன்று, அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த லிதுவேனியாவில், புட்ரிமோனிஸ் என்ற சிற்றூரில். யூதக் குடும்பம். பிழைப்புத் தேடி 1875இல் குடும்பமே அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. வால்வ்ரொயென்ஸ்கி என்ற வாயில் நுழையாத குடும்பப் பெயர் அங்கே பெரென்சன் ஆயிற்று. அப்பா வீடு வீடாகப் போய்ப் பாத்திரம் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அண்ணன் பெர்னார்ட் பெரென்சன் பிற்காலத்தில் இத்தாலிய மறுமலர்ச்சி ஓவியங்களைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற கலை அறிஞர்.

தங்கை சென்டாவோ நோஞ்சான். அடிக்கடி உடம்புக்கு வந்துவிடும். இசையில் ஆசைப்பட்டு பியானோ கற்கப் போனார். முதுகுவலி உட்கார விடவில்லை, பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த முதுகைத் தேற்றுவதற்காகத்தான் 1890இல் பாஸ்டன் உடற்பயிற்சி ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். விளையாட்டில் ஆசை வைத்து அல்ல, வைத்தியத்துக்காகப் போனவர்! அங்கே சொல்லிக் கொடுத்தது ஸ்வீடன் நாட்டு முறையிலான உடற்பயிற்சி. ஆரம்பத்தில் வேண்டாவெறுப்பாகத்தான் செய்தார். ஆனால் மாதங்கள் ஓட ஓட உடம்பு தேறியது. தேறிய உடம்போடு ஒரு எண்ணமும் வேர் விட்டது: தனக்குக் கிடைத்தது மற்றப் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும்.

1892 ஜனவரியில், மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த்தாம்ப்டன் ஊரில் இருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரிக்கு உடற்பயிற்சி ஆசிரியையாகப் போனார். அப்போது வயது இருபத்து மூன்றுதான். இன்றைய கணக்கில் பி.ஜி. முடித்த பெண்!

பழக்கூடையும் பதின்மூன்று விதிகளும்

அதற்கு ஒரு மாதம் முன்பு, 1891 டிசம்பரில், பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் கூரைக்குள் ஆட ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தார். பீச் பழக்கூடை இரண்டை மாடத்தில் மாட்டி, பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். அதுதான் கூடைப்பந்து. ஆண் பிள்ளைகளுக்காக உண்டானது.

ஸ்மித்தில் சென்டாவின் தொல்லை வேறு. ஒன்று, இரண்டு, மூன்று என்று கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி மாணவிகளுக்கு அலுத்துப் போயிருந்தது. இந்தப் புது விளையாட்டைப் பற்றிப் படித்தவர், நாமும் ஆடிப் பார்த்தால் என்ன என்று அந்த ஆண்டே தம் மாணவிகளிடம் பந்தைக் கொடுத்துவிட்டார்.

அது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பதை இன்றைய தங்கைகள் புரிந்துகொள்ள வேண்டும். பெண்கள் ஓடியாடினால் உடம்பு கெடும், நரம்பு தளரும் என்று டாக்டர்களே சொன்ன காலம் அது. காலேஜுக்குப் போவதே ஆகாது என்று சொன்னவர்களும் உண்டு. ஒரு மாணவிக்கு ஆட்டத்தில் அடிபட்டு, அது பெரிதாகிவிட்டால் என்ன ஆகும்? அந்த ஒரு பெண்ணின் ஆட்டம் மட்டும் நிற்காது. பெண்கள் ஆடுவதே நின்றுவிடும்.

1893 மார்ச் 22. ஸ்மித் கல்லூரி ஜிம்மில் முதலாமாண்டு மாணவிகளுக்கும் இரண்டாமாண்டு மாணவிகளுக்கும் முதல் பெரிய ஆட்டம். மாடம் முழுக்க வகுப்பு நிறங்களில் அலங்காரம். பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை. சென்டா பந்தை மேலே எறிந்து ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார். எறிந்த அந்தக் கணமே விபத்து! பந்துக்காகத் தாவியபோது முதலாமாண்டு அணியின் தலைவிக்குத் தோள்பட்டை நழுவிவிட்டது.

சென்டா டீச்சருக்கு அந்த நொடியில் எப்படி இருந்திருக்கும்! ஆனால் அவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. பெண்ணை அறைக்குள் அழைத்துப் போய்த் தோளைச் சரி செய்தார்கள். வேறொருத்தி அவளுடைய இடத்தில் நின்றாள். ஆட்டம் தொடர்ந்தது. ஐந்துக்கு நான்கு என்று இரண்டாமாண்டு ஜெயித்தது. நம் ஊரில் என்றால் மறுநாளே சுற்றறிக்கை வந்திருக்கும்!

கோடுகள் வந்த கதை

பெண்கள் ஆட வேண்டும், ஆட்டம் முரடாகவும் ஆகக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே வழி தேடித்தான் சென்டா நெய்ஸ்மித்தின் விதிகளைத் திருத்தினார்.

கோர்ட்டை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் கோடு போட்டார். ஃபார்வர்டு, சென்டர், கார்டு என்று அவரவர் பகுதியிலேயே நிற்க வேண்டும், கோட்டைத் தாண்டக் கூடாது. யாரும் மூச்சிரைக்க முழு நீளமும் ஓட வேண்டியதில்லை. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கெட்டிக்காரி ஒருத்தியே பந்தை எடுத்துக்கொண்டு இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை போய்ப் போட்டுவிட முடியாது. பாஸ் பண்ணியே தீர வேண்டும். ஆகவே எல்லோர் கைக்கும் பந்து வரும்.

அடுத்தவள் கையில் இருக்கிற பந்தைப் பறிக்கக் கூடாது. இழுபறியும் நகக் கீறலும் இதனால் நின்றன. ஆனால் பறிக்க முடியாது என்றால், பிடித்தவள் பந்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவாளே? அதற்காக, மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மூன்று தடவைக்கு மேல் தரையில் தட்டக் கூடாது என்றும் சேர்த்தார். பார்த்தீர்களா, ஒரு விதியைப் போட்டால் அதன் ஓட்டையை அடைக்க இன்னொரு விதி வேண்டியிருக்கிறது! விதி எழுத உட்கார்ந்த எனக்கு இது நன்றாகவே புரிகிறது.

இதற்குள் விளையாட்டு ஊர் ஊராகப் பரவிவிட்டது. பரவிய இடமெல்லாம் ஆளுக்கொரு விதி. தெற்கே நியூ ஆர்லியன்ஸில் கிளாரா பேர் என்ற ஆசிரியை 1895இலேயே தனியாக ஒரு விதிப் புத்தகம் போட்டார். சில இடங்களில் ஆண்களின் விதியையே வைத்து ஆடினார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1899 ஜூனில் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடிய உடற்கல்வி மாநாட்டில் ஒரு குழு அமைத்தார்கள். அதன் பலனாக, சென்டாவைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1901இல் ஸ்பால்டிங் நிறுவனம் பெண்கள் கூடைப்பந்து விதிப் புத்தகத்தை வெளியிட்டது. பல ஆண்டுகள் அவரே அதைத் திருத்தித் திருத்தி வெளியிட்டு வந்தார். 1905 முதல் 1917 வரை பெண்கள் கூடைப்பந்து விதிக்குழுவுக்குத் தலைவியும் அவர்தான்.

ஜெயிப்பதா, ஆடுவதா?

ஒரு விஷயத்தில் சென்டா பிடிவாதக்காரர். வகுப்புக்கு வகுப்பு மோதட்டும், கல்லூரிக்குக் கல்லூரி மோத வேண்டாம் என்பது அவர் கட்சி. வெளியே போய் ஜெயிக்க வேண்டும் என்ற வெறி வந்துவிட்டால், ஆடத் தெரிந்த பத்துப் பேர் மட்டும் மைதானத்தில் இருப்பார்கள், மற்ற முந்நூறு பேர் வேடிக்கை பார்ப்பார்கள் என்று பயந்தார். எல்லோரும் இந்தக் கட்சியில் இல்லை. மேற்கே கலிஃபோர்னியாவில், 1896 ஏப்ரலிலேயே ஸ்டான்ஃபோர்டு மாணவிகளும் பெர்க்லி மாணவிகளும் மோதி, இரண்டுக்கு ஒன்று என்று ஸ்டான்ஃபோர்டு ஜெயித்துவிட்டது!

கூடைப்பந்தோடு அவர் நிற்கவில்லை. 1897இல் ஸ்டாக்ஹோமுக்குப் போய் மேற்படிப்புப் படித்தார். வாள்வீச்சையும் கிராமிய நடனங்களையும் மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். இங்கிலாந்திலிருந்து வந்த கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீயின் துணையோடு ஹாக்கியையும் ஸ்மித்துக்குக் கொண்டுவந்தார்.

1911இல் அதே கல்லூரி ஆங்கிலப் பேராசிரியர் ஹெர்பர்ட் வாகன் ஆபட்டை மணந்துகொண்டு ஸ்மித் வேலையை விட்டார். ஆனால் விசிலை விடவில்லை. அதே ஊரில் மேரி பர்ன்ஹாம் பள்ளியில் 1921 வரை உடற்கல்வியைக் கவனித்தார். கணவர் 1929இல் காலமானார். கடைசிக் காலத்தைக் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் கழித்து, 1954 பிப்ரவரி 16 அன்று, தமது 85ஆம் வயதில் கண்மூடினார். உட்கார்ந்து பியானோ வாசிக்கத் தெம்பில்லை என்று திரும்பிய பெண் வாழ்ந்த வயதைப் பாருங்கள்!

கதவு சுவரான கதை

இத்தோடு முடித்தால் இது வெறும் புகழ்ச்சிக் கட்டுரை ஆகிவிடும். மீதியையும் சொல்லத்தான் வேண்டும்.

சென்டா போட்ட கோடுகள் அவர் போன பிறகும் அழியவில்லை. 1938இல்தான் மூன்று பகுதி இரண்டாகக் குறைந்தது. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஐந்து பேராக முழு கோர்ட்டிலும் ஓடி ஆட 1971 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அயோவா மாநிலத்துப் பள்ளிகளில் 1993 வரைகூட ஆறு பேர் ஆட்டம் இருந்தது. 1893இல் பெண்களை மைதானத்துக்குள் விட்ட அதே கோடு, பின்னால் வந்த பெண்களைத் தாண்ட விடாமல் நிறுத்தி வைத்தது. உனக்கு இவ்வளவு தூரம் ஓடத் தெம்பில்லை என்று பல தலைமுறைப் பெண்களிடம் அது சொல்லிக்கொண்டே இருந்தது. 1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாக இடம்பெற்றபோது அங்கே அந்தக் கோடுகள் இல்லை.

அப்படியானால் சென்டா செய்தது தப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கோடு இல்லாவிட்டால் 1893லேயே ஆட்டத்தை மூட்டை கட்டியிருப்பார்கள். தப்பு, காரணம் போன பிறகும் கோட்டை மட்டும் கட்டிக் காத்தவர்களுடையது. இதை உணர்ந்துதானோ என்னவோ, 1985இல் நெய்ஸ்மித் பெயரால் அமைந்த கூடைப்பந்துப் புகழ் மன்றம் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது, அந்த வரிசையில் சென்டாவுக்கும் இடம் தந்தது.

நமக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சின்ன உறவு உண்டு. கூடைப்பந்து பிறந்த அதே ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்த ஹாரி க்ரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தக் கல்லூரி தயார் செய்த ஆசிரியர்கள் வழியாகத்தான் தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்கள் பலவற்றுக்கு இந்த விளையாட்டுகள் வந்து சேர்ந்தன.

சரி, நம் லீக்?

சென்டா டீச்சரிடம் கற்றதை வைத்து நான் எழுதியிருக்கும் வரைவு இதுதான். பொதுக்குழுவில் அடித்துத் திருத்தலாம்.

1. விதிகள் ஒரே தாளில், ஆட்டத்துக்கு முன்பே, எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். மைதானத்தில் புது விதி பிறக்கக் கூடாது.

2. பேர் கொடுத்த எவரும் பெஞ்சிலேயே உட்கார்ந்து வீட்டுக்குப் போகக் கூடாது. ஒவ்வொருவரும் பாதி நேரமாவது ஆட வேண்டும்.

3. பறிப்பது, இடிப்பது, தள்ளுவது உடனே ஃபவுல். திங்கட்கிழமை எல்லோரும் வேலைக்குப் போக வேண்டும்!

4. சீனியர் அக்காமார் ஆட்டத்தில் கோர்ட் இரண்டாகப் பிரியும். தங்கைகள் தங்களுக்குள் ஆடும்போது முழு கோர்ட், முழு விதி.

5. முழு கோர்ட்டில் ஆட விரும்பும் சீனியரை, வயசைச் சொல்லி யாரும் தடுக்கக் கூடாது. அவருக்குத் தெம்பு இருக்கிறதா என்று அவரே முடிவு செய்யட்டும்.

6. விசில் ஊதுபவர் சொன்னதே முடிவு. வாதம் எல்லாம் டீக்குப் பிறகு.

7. இந்த விதிகளுக்கு ஆயுள் ஒரு வருஷம்தான். ஒவ்வொரு சந்திப்பிலும் எடுத்துப் படித்து, காரணம் செத்துப்போன விதியை அன்றே எடுத்துவிட வேண்டும்.

கடைசி விதியை எழுதும்போது சென்டா டீச்சரை நினைத்துக்கொண்டேன். பல ஆண்டுகள் தம் புத்தகத்தைத் தாமே திருத்திக்கொண்டிருந்தவர் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார் என்றே நம்புகிறேன்.

அக்காமாரே, கேன்வாஸ் ஷூவைத் தூசி தட்டி வையுங்கள். தங்கைகளே, சுண்ணாம்புப் பொடி கரைத்து வையுங்கள். கோடு போடுவோம், பிறகு தேவைப்பட்டால் அழிப்போம். மைதானத்தில் சந்திப்போம்!