கிறிஸ்துமஸ் சாக்ஸ் பழக்கம் எப்படி வந்தது? ஜன்னல் வழியா தங்கம் போட்ட நிக்கோலாஸின் கதை!

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும். அம்பத்தூர் ஓ.டி., ஆவடி மார்க்கெட், பூந்தமல்லி டிரங்க் ரோடு என எங்கே பார்த்தாலும் கடை வாசலில் பேப்பர் ஸ்டார் தொங்க ஆரம்பித்துவிடும். அதுக்குப் பக்கத்திலேயே சிவப்பும் வெள்ளையுமாகப் பெரிய சாக்ஸ். டிவியிலும் யூடியூபிலும் பார்த்துப் பழகிய குழந்தை, தனக்கும் ஒண்ணு வேண்டும் என்று அடம்பிடிக்கும்.

புது டிரெஸ், கேக், பிரியாணி, அக்கம்பக்கத்துக்குப் பலகாரம் என்று செலவு ஏற்கெனவே வரிசைகட்டி நிற்கும். தொழிற்பேட்டையில் வேலை பார்த்து மாசச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் அப்பா, அம்மாவுக்கு இந்த சாக்ஸ் இன்னொரு கணக்கு. எவ்வளவு போட்டால் அது நிறையும்? கம்மியாகப் போட்டால் குழந்தையின் முகம் வாடிவிடுமோ?

சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஒரு மனிதரின் வாழ்க்கைக் கதையில் இதற்குப் பதில் இருக்கிறது. அவர் பெயர் நிக்கோலாஸ். கிறிஸ்துமஸ் தாத்தா என்று இன்று உலகமே கொண்டாடும் உருவம் இவரிடமிருந்துதான் பிறந்தது.

யார் இந்த நிக்கோலாஸ்?

பனி கொட்டும் வட துருவத்துக்கும் நிக்கோலாஸுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவர் வெயிலும் கடலும் சூழ்ந்த ஊர்க்காரர். இன்றைய துருக்கியின் தெற்குக் கடற்கரையில் உள்ள பத்தாரா என்ற துறைமுக ஊரில், கி.பி. 270 வாக்கில் வசதியான கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் வரலாறு.

அவர் காலத்திலேயே எழுதப்பட்ட வாழ்க்கைக் குறிப்பு எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை. அவரைப் பற்றிய விரிவான கதைகள் எல்லாம், அவர் இறந்து பல நூறு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டவை. அதனால் இதில் வரலாறும் உண்டு, மக்களின் நம்பிக்கையும் உண்டு.

அந்தக் கதைகளின்படி நிக்கோலாஸ் இளைஞராக இருக்கும்போதே பெற்றோரை இழந்தார். பெரிய சொத்து அவர் கைக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், அதே ஊரில் ஒரு குடும்பம் நொடித்துப்போன செய்தி காதுக்கு வந்தது.

மூணு பொண்ணுங்க, மூணு ராத்திரி

அந்தக் குடும்பத்தின் அப்பா ஒரு காலத்தில் நன்றாக வாழ்ந்தவர். பிறகு எல்லாம் போய்விட்டது. வீட்டில் கல்யாண வயதில் மூன்று பெண்கள். அந்த ஊர் வழக்கப்படி, சீர் இல்லாமல் பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாது. தமிழ்நாட்டு வீடுகளுக்கு இந்தக் கஷ்டத்தை விளக்க வேண்டிய அவசியமே இல்லை.

கல்யாணம் நடக்காவிட்டால் அந்தப் பெண்களின் கதி என்ன? வயிற்றுப்பாட்டுக்காக மகள்களைப் பாலியல் தொழிலுக்கு விற்றுவிடும் நிலைக்கு அந்த அப்பா வந்துவிட்டார் என்கிறது கதை. மூன்று உயிர்களின் எதிர்காலம் அப்போது ஒரு பை காசில் தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் தெரிந்த நிக்கோலாஸ், ஒருநாள் ராத்திரி யாருக்கும் தெரியாமல் அந்த வீட்டுப் பக்கம் போனார். திறந்திருந்த ஜன்னல் வழியாக ஒரு பை தங்கக் காசுகளை உள்ளே போட்டுவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிவிட்டார். காலையில் அதைப் பார்த்த அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தத் தங்கத்தில் மூத்த மகளுக்குக் கல்யாணம் நடந்தது.

அடுத்து இன்னொரு ராத்திரி, இன்னொரு பை. இரண்டாவது மகளுக்கும் கல்யாணம் முடிந்தது. கொடுப்பது யார் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று அந்த அப்பா தூங்காமல் காத்திருந்தார். மூன்றாவது பை விழுந்த சத்தம் கேட்டதும் வெளியே ஓடிவந்து நிக்கோலாஸைப் பிடித்து, காலில் விழுந்தார்.

நிக்கோலாஸ் அவரிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டுக்கொண்டார். தான் உயிரோடு இருக்கும்வரை இதை யாரிடமும் சொல்லக் கூடாது.

ஏன் ராத்திரியில்? ஏன் ஒளிந்து?

பகலில் போய் கதவைத் தட்டிக் கொடுத்திருக்கலாமே? கொடுத்திருந்தால் தெருவே வேடிக்கை பார்த்திருக்கும். நன்றாக வாழ்ந்து கெட்ட மனிதருக்கு, நாலு பேர் முன்னால் கைநீட்டி வாங்குவது பட்டினியைவிடப் பெரிய வலி. அந்தப் பெண்களும் போன இடத்தில் எல்லாம் தானத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் என்ற பேச்சைச் சுமந்திருப்பார்கள்.

அந்தக் குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றத்தான் இருட்டும் ஜன்னலும். கிறிஸ்துமஸ் தாத்தா ராத்திரியில் வருவதும், யார் கண்ணிலும் படாமல் போவதும் இந்தக் கதையிலிருந்து வந்ததுதான்.

இதில் சென்னைக் குழந்தைகளுக்கு ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. புகைபோக்கி இல்லாத வீட்டுக்குள் தாத்தா எப்படி வருவார் என்று கேட்கும் குழந்தைக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம். பழைய கதையில் புகைபோக்கி கிடையாது. ஜன்னல்தான்!

சிறையும் பஞ்சமும்

பிறகு நிக்கோலாஸ் பக்கத்தில் இருந்த மைரா நகரின் ஆயர், அதாவது பிஷப் ஆனார். அந்த ஊரின் இன்றைய பெயர் தெம்ரே. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 303-ல் கிறிஸ்தவர்கள் மீது அடக்குமுறையை ஏவினார். அந்தக் காலகட்டத்தில் நிக்கோலாஸும் சிறையில் அடைக்கப்பட்டார் என்று சொல்லப்படுகிறது. கான்ஸ்டன்டைன் ஆட்சியில் நிலைமை மாறியதும் விடுதலையானார்.

மைராவில் பஞ்சம் வந்தபோது நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவமும் பிரபலம். தலைநகருக்குக் கோதுமை ஏற்றிப்போன கப்பல்கள் துறைமுகத்தில் நின்றன. எடை குறைந்தால் தலை போய்விடும் என்று மாலுமிகள் பயந்தார்கள். நிக்கோலாஸ் பேசிச் சம்மதிக்க வைத்து, ஊருக்குத் தேவையான கோதுமையை இறக்கினார். தலைநகரில் போய் அளந்தபோது எடை குறையவே இல்லை என்பது நம்பிக்கை. செய்யாத குற்றத்துக்கு மரண தண்டனை பெற்ற மூன்று பேரைக் கடைசி நிமிடத்தில் காப்பாற்றினார் என்ற கதையும் உண்டு.

343 வாக்கில் டிசம்பர் 6-ம் தேதி அவர் இறந்தார் என்று நம்பப்படுகிறது. அந்தத் தேதிதான் இன்றும் அவருடைய திருவிழா நாள்.

இறந்த பிறகும் ஒரு பயணம்

கதை அதோடு முடியவில்லை. 1087-ல் இத்தாலியின் பாரி நகர மாலுமிகள் மைராவுக்குப் போய், அவருடைய எலும்புகளை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அவற்றை வைப்பதற்காகவே அங்கே ஒரு பெரிய தேவாலயம் எழுந்தது. 1950-களில் அந்த எலும்புகள் ஆய்வுக்காக அளக்கப்பட்டன. பின்னாளில் அந்த அளவுகளை வைத்து கம்ப்யூட்டரில் முகத்தை உருவாக்கிப் பார்த்தபோது, மூக்கு உடைந்து கோணலாக ஆறியிருந்தது தெரியவந்தது.

தங்கம் சாக்ஸுக்குள் போனது எப்படி?

பழைய வடிவத்தில் தங்கம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விழுந்தது. குளிர்தேசங்களில் கதை பரவியபோது, துவைத்துக் காய்வதற்காக அடுப்பருகே தொங்கவிட்ட சாக்ஸுக்குள் தங்கம் விழுந்ததாக மாறியது. நெதர்லாந்தில் குழந்தைகள் தங்கள் ஷூவை வைத்துவிட்டுத் தூங்கும் வழக்கம் வந்தது. அங்கே அவர் பெயர் சின்டர்கிளாஸ். அந்தப் பெயர்தான் அமெரிக்காவில் சான்டா கிளாஸ் ஆனது.

1810-ல் நியூயார்க்கில் அச்சான ஒரு படத்தில், நிக்கோலாஸின் பக்கத்தில் அடுப்பங்கரையில் சாக்ஸ் தொங்குகிறது. 1823-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் வந்த கவிதை, மான்வண்டியில் வந்து சாக்ஸை நிரப்பும் குண்டுத் தாத்தாவை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. 1931 முதல் வந்த கோகோ கோலா விளம்பரங்கள், சிவப்பு டிரெஸ் போட்ட அந்த முகத்தை உலகம் முழுக்கப் பரப்பின. பிஷப் மெல்ல மெல்ல மறைந்து, தாத்தா மட்டும் மிஞ்சினார்.

சின்ன பட்ஜெட்டில் சாக்ஸ் நிரப்பினால்?

கதையில் வருவது வீட்டில் போட்டுக்கொள்ளும் சாதாரண சாக்ஸ்தான். கடையில் விற்கும் பெரிய சாக்ஸைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதை நிரப்பத்தான் செலவு அதிகம். குழந்தையின் துவைத்த ஸ்கூல் சாக்ஸே போதும். நாலு சாமானில் பொங்கி வழியும்.

அடியில் ஒரு கமலா ஆரஞ்சு. மேற்கத்திய நாடுகளில் சாக்ஸின் நுனியில் ஆரஞ்சு வைப்பது நிக்கோலாஸ் போட்ட தங்கத்தின் நினைவாக என்று சொல்வார்கள். சென்னையில் டிசம்பர் கமலா ஆரஞ்சு சீசன்தான். தள்ளுவண்டியிலேயே கிடைக்கும். அதுக்கு மேல் கலர் பென்சில், ரப்பர், ஸ்டிக்கர், ஹேர் கிளிப், சின்னக் கதைப் புத்தகம். அரையாண்டு லீவு முடிந்து பள்ளி திறக்கும்போது எப்படியும் வாங்க வேண்டிய பொருட்களை இப்போதே வாங்கிப் போட்டால் தனிச் செலவு இல்லை.

ஒவ்வொன்றையும் பழைய பேப்பரில் தனித்தனியாகச் சுற்றி வைப்பது நல்ல யோசனை. சின்னக் குழந்தைக்குப் பிரித்துப் பார்ப்பதில்தான் பாதி சந்தோஷம். லோக்கல் டிரெயினில் ஒரு பீச் டிரிப், பூங்காவில் ஒரு சாயங்காலம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்தால், அதுவும் ஒரு பரிசுதான்.

விலை உயர்ந்த பொம்மையோ சைக்கிளோ வாங்கினால், அதை அப்பா, அம்மா பெயரிலேயே கொடுத்துவிடுவது நல்லது. தாத்தா கொடுத்தார் என்று சொன்னால், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஏன் பென்சில் மட்டும் கொடுத்தார் என்ற கேள்வி வரும். இரண்டு குழந்தைகளிடமும் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இதையெல்லாம் கவனிக்க வேண்டும்

மூன்று வயதுக்குக் கீழ் என்றால் கோலிக்குண்டு, சில்லறைக் காசு, பலூன், கடினமான மிட்டாய், முழு வேர்க்கடலை எதுவும் வேண்டாம். தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பட்டன் பேட்டரி போட்ட லைட் பொம்மைகள் மலிவாகக் கிடைக்கும். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடப்படாமல் இருந்தால் வாங்கவே கூடாது. அந்த பேட்டரியை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இன்னொன்று எறும்பு. இனிப்பை ராத்திரி முழுக்க சாக்ஸில் தொங்கவிட்டால் காலையில் எறும்புக்குத்தான் கிறிஸ்துமஸ். டப்பாவில் மூடி வைத்து, விடிந்ததும் கடைசியாகப் போட்டுவிடலாம்.

கணக்கு இதுதான்

24-ம் தேதி நள்ளிரவு ஆராதனை முடிந்து, தோளில் தூங்கிப்போன குழந்தையைப் படுக்க வைத்த பிறகுதான் பல வீடுகளில் இந்த வேலை நடக்கும். சத்தம் வராமல் பேப்பரைச் சுற்றி, சாக்ஸில் போட்டு, ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு லைட்டை அணைப்பார்கள். காலையில் குழந்தை கத்திக்கொண்டு ஓடிவரும்போது, தங்களுக்கு ஒண்ணுமே தெரியாத மாதிரி நிற்பார்கள்.

நன்றி முழுக்கத் தாத்தாவுக்குப் போய்விடும். வாங்கியவர் பெயர் எங்கும் வராது. மூணு ராத்திரி ஜன்னலோரம் வந்துபோன நிக்கோலாஸ் ஆசைப்பட்டதும் அதைத்தான். அந்தக் கணக்கில் பார்த்தால், உள்ளே இருப்பது ஒரு ஆரஞ்சும் நாலு பென்சிலும் என்றாலும் அந்த சாக்ஸ் நிறைந்துதான் இருக்கிறது.