நெல்சனும் தொலைநோக்கியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்க்கப்பல் அதிகாரிகளின் இன்றியமையாக் கருவியாக விளங்கியது கைத்தொலைநோக்கி. ஒன்றனுள் ஒன்று செருகிய குழாய்களை இழுத்து நீட்டி, தொலைவிலுள்ள கப்பல்களையும் அவற்றின் குறிக்கொடிகளையும் அதன்வழியே கண்டனர். கம்பியில்லாத் தந்தி தோன்றாத அக்காலத்தில் தளபதியின் ஆணைகள் கொடிகளாகவே பறந்தன. அக்கருவியோடு இணைத்துப் பேசப்படும் பெயர் ஹொரேஷியோ நெல்சன்.

இங்கிலாந்தின் பர்ன்ஹாம் தோர்ப் என்னும் சிற்றூரில் 1758ஆம் ஆண்டு, சமயகுரு ஒருவரின் மகனாக நெல்சன் பிறந்தார். ஒன்பது வயதில் தாயை இழந்த அவர், பன்னிரண்டாம் வயதில் தாய்மாமன் தலைமையேற்ற கப்பலில் சேர்ந்தார். இந்தியக் கடற்பகுதியில் பணியாற்றியபோது கடுங்காய்ச்சலுற்று நாடு திரும்பினார். ஆயினும் தளராது உழைத்து, இருபதாம் வயதிலேயே கப்பல் தலைவரானார். 1794இல் கோர்சிகாத் தீவில் நடந்த போரில் வலக்கண்ணின் பார்வையையும், 1797இல் டெனெரீஃப் தாக்குதலில் வலக்கையையும் இழந்தார்.

1801 ஏப்ரல் 2ஆம் நாள் கோபன்ஹேகனில் டேனியக் கப்பல்களோடு கடும்போர் மூண்டது. நெல்சனின் கப்பல்களுள் மூன்று மணல்திட்டில் தரைதட்டின. தொலைவில் நின்ற தலைமைத் தளபதி ஹைட் பார்க்கர், போரை நிறுத்துமாறு குறிக்கொடி ஏற்றினார். குறுகிய நீர்வழியில் பீரங்கிகளுக்கு நடுவே பின்வாங்குவது பேரழிவாகும் என நெல்சன் கருதினார். பார்வையற்ற கண்ணில் தொலைநோக்கியை வைத்து, கொடி தெரியவில்லை என்று அவர் கூறியதாக வழங்கும் கதை புகழ்பெற்றது. அதன் உண்மையை ஐயுறும் வரலாற்றாசிரியரும் உளர். அவர் ஆணையை ஏற்காமல் போரைத் தொடர்ந்தது உறுதி. தோற்றிருந்தால் அப்பழி அவரையே சேர்ந்திருக்கும். அன்று பிற்பகலில் போர் ஓய்ந்தது. ஆயினும் இருதரப்பிலும் பலர் மாண்டிருந்தனர்.

1805இல் காடிஸ் துறைமுகத்தில் இருந்த பகைவர் கப்பல்களைக் கண்காணிக்க, நெல்சன் விரைவுக் கப்பல்களை இடைவெளிவிட்டு நிறுத்தினார். ஒரு கப்பலின் கொடியை அடுத்த கப்பல் தொலைநோக்கியால் கண்டு மேலே அறிவித்தது. இவ்வாறு, கரையிலிருந்து காணமுடியாத தொலைவில் நின்ற அவருக்குப் பகைவர் புறப்பட்ட செய்தி எட்டியது. அக்டோபர் 21ஆம் நாள் டிரஃபால்கரில் 27 பிரித்தானியப் பெருங்கப்பல்கள் 33 கப்பல்களை எதிர்த்து வென்றன. வெற்றிச் செய்தியைக் கேட்டறிந்த பின், துப்பாக்கிக் குண்டால் தாக்குண்டிருந்த நெல்சன் தம் 47ஆம் வயதில் உயிர்நீத்தார்.

தொலைவிலுள்ளதைக் கண்ணுக்கு அருகே கொணர்வது கருவியின் பணி. கண்டதை எடைபோட்டு முடிவெடுப்பதும், அதன் விளைவைத் தாமே ஏற்பதும் மனிதரின் பொறுப்பு. நெல்சனின் வாழ்க்கை இதனை உணர்த்துகிறது.